விசயை கெட்ட தாயா?

நம் சங்கத்து ஆண்டுவிழா மேடையில் தாய்மையைப் பற்றிப் பேச எழுபவர் பெரும்பாலும் புறநானூற்றுக்குத்தான் போவார். ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் தாய் ஒரே மகனையும் போருக்கு அனுப்பியவள். கைதட்டல் நிச்சயம். மகனைப் போருக்குக் கொடுத்தவளுக்குக் கைதட்டும் நாம், மகன் பிழைக்கவேண்டும் என்று விட்டுப்போனவளைப் பேசுவதில்லை. சீவக சிந்தாமணியின் விசயையைச் சொல்கிறேன்.

அரசன் சச்சந்தன் கட்டியங்காரனால் மாள, மயிற்பொறியில் தப்பிய விசயை சுடுகாட்டில் பிள்ளை பெறுகிறாள். தன் இறந்த குழந்தையோடு அங்கு வந்த வணிகன் கந்துக்கடன் எடுத்துப்போகட்டும் என்று பிள்ளையைக் கிடத்திவிட்டு மறைந்து நிற்கிறாள். பிறகு தண்டகாரணியத்துத் தவப்பள்ளிக்குப் போய்விடுகிறாள். வளர்த்தவள் கந்துக்கடன் மனைவி சுநந்தை. திருத்தக்கதேவர் இருவரையும் தராசில் ஏற்றி, யார் நல்ல தாய் என்று எடை போடவில்லை. சிந்தாமணியின் பெருமையை விருத்தப்பாவில் மட்டும் தேடுவோர் இதையும் கவனிக்க வேண்டும்.

ஒரு குறையும் உண்டு. நம் பிள்ளை சாகவில்லை என்று சொல்லித்தான் கந்துக்கடன் குழந்தையைச் சுநந்தையிடம் கொடுக்கிறான். பெற்ற பிள்ளைக்கு அழும் உரிமையும் அவளுக்குப் போயிற்று. கவி அங்கே நிற்காமல் கடந்துவிடுகிறார். வியாபாரியான எனக்கே இது உறுத்துகிறது.

என் தகப்பனார் இறந்தபின் அம்மா என்னை ஐந்து வயதில் வந்தவாசியில் அத்தை வீட்டில் விட்டுவிட்டு, ஊரில் களையெடுக்கப் போனாள். 'பெத்த புள்ளைய தள்ளிவிட்டவ' என்றது ஊர். ஐம்பது வயதுவரை நானும் அப்படித்தான் நினைத்தேன். நச்சினார்க்கினியர் உரையோடு இந்தப் பகுதியைப் படித்த இரவுதான் வெட்கப்பட்டேன்.

2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டு மூணாறில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்று திரண்டபோது, 'புள்ளைங்கள விட்டுட்டு ரோட்டுல உக்காந்திருக்காளுங்க' என்று என் காதுபடவே ஒருவர் சொன்னார். தோட்டக்காட்டில் பிள்ளையை விட்டுப்போவது தினப்படி வேலை. கொழுந்து பறிக்க அவள் போனால்தான் அடுப்பு எரியும்.

பாக்கி வசூலுக்கு மூணாறு போனபோது ஒரு தொழிலாளி அம்மா சொன்னார்: 'மூத்தவளை சங்கரன்கோவில்ல எங்கம்மாகிட்ட விட்டிருக்கேன்யா. லீவுக்கு வந்தா என்னை அக்காங்கிறா.' விசயை கதையைச் சொன்னேன்.

'அந்தம்மா மறுபடி மகனைப் பாத்தாங்களா?'

பார்த்தாள் என்றேன்.

'அவன் கோவிச்சுக்கிட்டானா?'

இல்லை என்றேன். நான் கோவித்துக்கொண்டதை அவரிடம் சொல்லவில்லை.