'சயாமிய இரட்டையர்' என்னும் சொல்லாட்சி

ஒட்டிப் பிறந்த குழந்தைகளைச் 'சயாமிய இரட்டையர்' என்று எழுதும் வழக்கம் தமிழில் இன்னும் முற்றும் ஒழியவில்லை. மலாயிலும் 'கெம்பார் சியாம்' என்பதே பெருவழக்கு. இச்சொல்லாட்சி தகுமா என ஆராய்வோம்.

சாங், எங் என்னும் சகோதரர் 1811-இல் சயாமில், மார்பெலும்பின் கீழே ஒரு தசைப் பட்டையால் இணைந்து பிறந்தனர். தந்தை சீனராதலின், பிறந்த நாட்டில் அவர்கள் 'சீன இரட்டையர்' எனப்பட்டனர். 1829-இல் அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் காட்சிப் பொருளான பின்னரே 'சயாமியர்' ஆயினர். ஆகவே இது மருத்துவர் ஆய்ந்து இட்ட பெயரன்று, விளம்பரப் பெயர். அந்நாடும் 1949 முதல் நிலையாகத் தாய்லாந்து ஆகிவிட்டது. இந்நாட்டுத் தமிழர்க்கோ சயாம் என்றதும், 1942, 1943-இல் தோட்டங்களிலிருந்து மரண இரயில் பாதைக்குச் சென்று மீளாதோர் நினைவே எழும்.

'இரண்டு தலைக் குழந்தை' என்னும் வழக்கு இதனினும் தீது. அதன் குற்றம் எண்ணில் உள்ளது. அவ்வாறு சொல்பவர் ஓர் ஆளை எண்ணி, ஒரு தலையை மிகையாக்குகிறார். 'ஒட்டிப் பிறந்த இருவர்' என்பவரோ இரண்டு மனிதரை எண்ணுகிறார். ஈரானில் தலை ஒட்டிப் பிறந்த லாடன், லாலே சகோதரியருள் ஒருவர் வழக்கறிஞராகவும், மற்றவர் பத்திரிகையாளராகவும் விரும்பினர். ஆபத்தை அறிந்தே, 29-ஆம் வயதில் சிங்கப்பூரில் அறுவைக்கு உடன்பட்டு, 2003 ஜூலை 8-இல் இருவரும் உயிர்நீத்தனர். இவர்களை ஒருமையில் அடக்குவது எங்ஙனம்?

'பிரிக்க வேண்டிய குறை' என்று பொதுவிதி கூறுவதும் பொருந்தாது. சாங்கும் எங்கும் பிரியாமலே 62 ஆண்டுகள் வாழ்ந்தனர். இரு சகோதரியரை மணந்து, 21 மக்களுக்குத் தந்தையராகி, 1874-இல் மறைந்தனர்.

ஒரு கரு இரண்டாகப் பிரிவது முற்றுப்பெறாமையே இந்நிலைக்குக் காரணம் என்பர் ஒரு சாரார். பிரிந்தவை மீண்டும் இணைவதே என்பர் மற்றொரு சாரார். முதற்கொள்கை உண்மையாயின் 'ஒட்டி' என்பது பிழையன்றோ என்று வினவலாம். அச்சொல் கருவின் வரலாற்றைக் கூறவந்ததன்று. பிறந்தபோது கண்ட நிலையைக் கூறுவது. எந்நாட்டின்மீதும் பழி சுமத்தாமல், இருவரை இருவராகவே எண்ணுகிறது. பாமரர்க்கும் விளங்கும். 'ஒட்டிப் பிறந்த இரட்டையர்' என்பதே நமக்குப் போதும்.

பழகிய பெயரை மாற்றல் அரிது என்பார்க்கு ஒன்று கூறுவேன். 1972-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் போர்ட் கிள்ளான் ஆயிற்று. கப்பல்கள் வழிதவறவில்லை; நம் நாவும் பழகிக்கொண்டது. ஊருக்கு இயன்றது மனிதருக்கும் இயலும்.