வளர்ப்பதும் விடுப்பதும்

அண்மையில் விம்கோ நகரில் அன்பியக் கூட்டம் முடிந்தபின், ஓர் இல்லத்தின் முன்னறையில் பத்துப் பன்னிருவர் அமர்ந்து 'தி எலிபெண்ட் விஸ்பரர்ஸ்' என்னும் ஆவணப்படத்தைக் கண்டோம். கார்த்திகி கொன்சால்வெஸ் இயக்கத்தில் 2022-இல் வெளிவந்து, 2023 மார்ச்சில் சிறந்த ஆவணக் குறும்படத்திற்கான ஆஸ்கர் விருது பெற்ற படம் இது. படம் முடிந்ததும் பலர் கண்களைத் துடைத்துக்கொண்டனர். மூதாட்டி ஒருவர் மட்டும், "அந்தப் புள்ள எப்பதான் காட்டுக்குப் போவும்?" என்று கேட்டார். நம்மில் எவரிடமும் விடை இல்லை. அக்கேள்வியையே அளவுகோலாகக் கொண்டு இப்படத்தை மதிப்பிட விழைகிறோம்.

முதுமலையின் தெப்பக்காடு யானைகள் முகாமில், காட்டுநாயக்கர் இனத்தைச் சேர்ந்த பொம்மனும் பெள்ளியும் ரகு, அம்மு என்னும் தாயற்ற இரு கன்றுகளை வளர்த்த வரலாறே படத்தின் பொருள். வெளியிலிருந்து வல்லுநர் எவரும் வந்து விளக்கம் கூறுவதில்லை. அவ்விருவரும் தாமே பேசுகின்றனர். பழங்குடியினரைக் காட்சிப்பொருளாக்காத இப்பண்பு போற்றற்குரியது. மகளைப் பறிகொடுத்த பெள்ளியின் கண்ணீரை ரகு துதிக்கையால் துடைத்ததைக் கேட்கும்போது, வளர்ப்பவர் யார், வளர்க்கப்படுவது யார் என்றே நமக்குத் தோன்றிவிடுகிறது.

ஆயினும் குறைகள் உண்டு. ரகுவின் தாய் மின்சாரம் தாக்கி இறந்தது என்பதைப் படம் சில சொற்களில் கூறிக் கடந்துவிடுகிறது. கன்று அநாதையானதற்கு மனிதரே காரணம் என்னும் உண்மை, பின்வரும் பாசக் காட்சிகளில் கரைந்துபோகிறது. விருது அறிவிக்கப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான், தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் மாண்டன. இரு குட்டிகள் தாயின்றித் தவித்தன. படம் தொடாமல் விட்ட கதையை அந்த வயல்வெளி சொல்லிற்று.

மற்றொரு குறை இன்னும் ஆழமானது. வளர்ந்த ரகுவை வேறொரு பராமரிப்பாளரிடம் ஒப்படைக்கும்போது, பிரிந்த தம்பதிக்காக நாம் அழுகிறோம். ஆனால் ரகு இழந்தது எது? நீர்நிலைக்கு எவ்வழி செல்வது, எதை உண்பது, எதற்கு அஞ்சுவது என்பனவற்றைக் கன்றுக்குக் கற்பிப்பது கூட்டத்தின் மூத்த பெண் யானைகள். எனவேதான் பிரிந்த கன்றை முதலில் கூட்டத்தோடு சேர்க்கவே வனத்துறை முயல்கிறது. 2023 டிசம்பரில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் டிரோன் உதவியோடு கூட்டத்தைத் தேடி, ஒரு கன்றைத் தாயிடம் சேர்த்தனர். கூட்டம் ஏற்காதபோது முகாமே புகலிடம். அது இரண்டாந்தர வழி என்பதைப் படம் உணர்த்தவில்லை. கன்று தன் இல்லம் சேர்ந்துவிட்டது போன்ற நிறைவையே தருகிறது.

கடல் கடந்து இலங்கையை நோக்குவோம். அங்கே 1975-இல் தொடங்கிய பின்னவல காப்பகத்தில் யானைகள் மனிதரிடையே வாழ்கின்றன. 1995-இல் வனவிலங்குத் திணைக்களம் உடவளவையில் தொடங்கிய இடைத்தங்கல் இல்லமோ வேறு நோக்கம் கொண்டது. குறித்த நேரங்களில் பால் புகட்டுகின்றனர். எஞ்சிய பொழுதெல்லாம் கன்றுகள் தம்முள் கூடித் திரிய விட்டுவிடுகின்றனர். பார்வையாளர் தொலைவில் நின்றே காணலாம். ஏறக்குறைய ஐந்து வயதானதும், கூடி வளர்ந்த தோழமைகளோடு காட்டில் விடுகின்றனர். 1998 முதல் இவ்வாறு நூற்றுக்கும் மேற்பட்டவை திரும்பியுள்ளன. அங்கும் வேலிகளும் ஆபத்துகளும் காத்திருக்கின்றன. எனினும், தன்னை மறந்துபோகக்கூடிய ஒரு பிள்ளைக்குப் பால் புகட்டுவது எத்துணைக் கடினமான அன்பு!

பொம்மனையும் பெள்ளியையும் நாம் குறை கூறவில்லை. தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட உயிரை அவர்கள் காத்தனர்; கேட்டபோது கையளித்தனர். அந்தக் கையளிப்பின் பொருளைத் துருவிப் பார்த்திருக்க வேண்டியது கலைஞரின் கடமை. அணைக்கும் கரத்தை அழகுறக் காட்டிய படம், விடுவிக்கும் கரத்தைப் பற்றி எண்ணிப் பார்க்கவில்லை.

இப்படத்தைக் காணவேண்டாம் என்போமா? கட்டாயம் காணுங்கள், பிள்ளைகளோடு அமர்ந்து காணுங்கள். கண்ணீரைத் துடைத்தபின், விம்கோ நகர் மூதாட்டியின் கேள்வியையும் அவர்களிடம் கேளுங்கள்.