வறண்ட தரைக்கு எந்தப் பந்து?

மழை ஓய்ந்து கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் மட்டக்களப்பில் மென்பந்து ஆட்டம் சூடுபிடிக்கிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு, ஆரையம்பதிப் பக்கத்து அணி ‘பாதை’ எனும் மிதவைப் படகுக்குக் காத்துக் கிடக்காமல் கொக்கட்டிச்சோலைக்குப் போய் ஆடிவிட்டுப் பொழுது சாயுமுன் திரும்பிவிடலாம். வாவியைக் கடந்தாலோ பந்து எழும் விதமே மாறிப்போகிறது. கிழக்கேயுள்ள எழுவான்கரையில் மணல். மேற்கேயுள்ள படுவான்கரையில் அறுவடை முடிந்து காய்ந்து இறுகிய வயற்களி. கடையில் பெயரையும் விலையையும் பார்த்துத்தான் பந்து வாங்குகிறோம். ஆடப்போகும் தரையை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்தக் கோடையில் காற்றழுத்தத்தோடு மூடிய குழாயில் வரும் ரெனிஸ் பந்து, அழுத்தமில்லாத தடித்த இறப்பர்ப் பந்து, ரேப் சுற்றிய பந்து, இரண்டு வகைக் கடினபந்து ஆகியவற்றை இரு கரைகளிலும் வீசிப் பார்த்தேன்.

மணலில் பந்தின் வேகத்தைத் தரையே தின்றுவிடுகிறது. அங்கே குழாயிலிருந்து எடுத்த புதுப் பந்துதான் இடுப்பளவுக்காவது எழுகிறது. அதே பந்து படுவான்கரைக் களியில் தோளுக்கு மேல் துள்ளுகிறது. நல்ல நீளத்தில் விழுந்த பந்தைக்கூடத் துடுப்பாட்டக்காரர் எட்டி ஆட வேண்டியிருக்கிறது. குழாயைத் திறந்த நாளிலிருந்து உள்ளே அடைபட்ட காற்று மெல்லக் கசியும். சில வாரங்களில் துள்ளல் தணியும். அப்படித் தணிந்த பந்து களித்தரையில் மிக ஒழுங்காக வருகிறது. ஆகவே பயிற்சிக்கு வாங்கும் பந்தை முதலில் மணலில் பயன்படுத்துங்கள், அழுத்தம் குறைந்ததும் களிக்குக் கொண்டுபோங்கள். ஒரே பணத்தில் இரண்டு தரைக்கும் ஏற்ற பந்து கிடைக்கும்.

வாங்கும்போது சோதிப்பது எளிது. ரெனிஸ் விதிப்படி 254 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து கெட்டித் தரையில் விட்ட பந்து 135 முதல் 147 சென்ரிமீற்றர் வரை எழ வேண்டும். கடைச் சீமெந்துத் தரையில் இரண்டு மீற்றரிலிருந்து விட்டுப் பாருங்கள். ஒரு மீற்றரைத் தாண்டினால் மணலுக்கு ஆகும். எட்டாவிட்டால் களிக்கு வைத்துக்கொள்ளலாம்.

அழுத்தமில்லாத பந்து நீண்ட நாள் உழைக்கிறது, ஆனால் கையில் கல்லைப்போல் கனக்கிறது. சிறுவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கச்சானையும் கணக்கில் எடுக்க வேண்டும். 56 முதல் 59.4 கிராம் வரையே உள்ள ரெனிஸ் பந்தை மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று இஷ்டத்துக்கு இழுத்துப்போகும். ரேப் சுற்றினால் சில கிராம் கூடும், மேற்பரப்பு வழுவழுப்பாகும், பந்து காற்றைக் கிழித்துப் போகும். மணலில் இது அருமை. களியில் வெடிப்பு விளிம்புகள் ரேப்பைச் சில ஓவர்களிலேயே பிய்த்துவிடுகின்றன. யோக்கருக்குப் பேர்பெற்ற லசித் மாலிங்க, காலியை அடுத்த ரத்கமவில் மென்பந்தில்தான் வளர்ந்தார். எழாத தரையில் காலடிக்கு வீசும் யோக்கரே வேகப்பந்து வீச்சாளரின் பிழைப்பு என்பதை எழுவான்கரைப் பிள்ளைகளும் தாமாகவே கண்டுகொள்கிறார்கள். அவர்களுக்கு ரேப் பந்தே என் தெரிவு.

கடினபந்தில் விலை கையைக் கடிக்கும். விதிப்படி அதன் எடை 155.9 முதல் 163 கிராம். தக்கை மையத்தின் மேல் நூல் சுற்றி, அதற்கு மேல் தோல் போர்த்தித் தைப்பார்கள். இரண்டு துண்டுத் தோலில் செய்தது மலிவு, நான்கு துண்டில் செய்தது உருக்குலையாமல் நெடுநேரம் நிற்கும். மீரட்டில் செய்யும் எஸ்ஜி பந்திலும் இங்கிலாந்தின் டியூக்ஸ் பந்திலும் ஆறு வரிசைத் தையலும் கைத்தையல். இலங்கையின் டெஸ்ட் ஆட்டங்களில் நாம் பார்க்கும் கூக்கபுராவில் வெளி வரிசைகள் இயந்திரத் தையல் என்பதால் தையல் விரைவில் படிந்துவிடுகிறது. வறண்ட களி எந்தத் தோலையும் உரசித் தேய்க்கும். தோலின் பளபளப்பு அங்கே சீக்கிரம் போய்விடும், கடைசிவரை உதவுவது தையல்தான். நகத்தைத் தையலின் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கி நின்றால் சுழற்பந்து வீச்சாளருக்கு அது நல்ல பந்து. பழைய பந்தை மறுபக்கம் வளைக்கும் ‘ரிவர்ஸ் ஸ்விங்’ ஆசையில் ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்து மினுக்கும் மாணவர்களைப் பார்க்கிறேன். அதற்கு நல்ல வேகம் வேண்டும். பாடசாலை மட்டத்தில் அந்த நேரத்தைச் சுழற்பந்துக்குச் செலவிடுவது மேல்.

சீமெந்து ஆடுகளத்தில் விரிப்புப் போட்டுப் பயிலும் அணிக்கு இரண்டு துண்டுப் பந்தே போதும். நான்கு துண்டுப் பந்தைப் போட்டிக்கு எடுத்துவையுங்கள். பயிற்றுநர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று, 13 வயதுக்குட்பட்டோருக்கு விதியிலேயே 133 முதல் 144 கிராம் பந்தும், பெண்களுக்கு 140 முதல் 151 கிராம் பந்தும் உண்டு. கடையில் இல்லையென்றால் சொல்லி வரவழைக்க வேண்டும். பெரியவர்களின் பந்தைச் சின்னக் கையில் கொடுத்தால், பிள்ளை தையலில் விரல் வைத்துச் சுழற்றப் பழகாமல் அதைத் தள்ளி எறியத்தான் பழகும்.