மாற்கு காட்டும் மஸீஹ்: ஒரு வினாவும் பல விடைகளும்

நற்செய்தி நூல்கள் நான்கினுள் மாற்குவின் பெயரால் வழங்குவதே காலத்தால் முந்தியது என்பது ஆய்வாளருள் பெரும்பாலோர் ஏற்கும் முடிபு. கி.பி. 70ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்டதாகக் கருதப்படும் அந்நூல் அளவில் சிறியது. பதினாறே அதிகாரங்கள் கொண்டது. அதன் நடுப்பகுதியில், எட்டாம் அதிகாரத்தில், ஒரு வினா எழுகிறது. பிலிப்புச் செசரியாவைச் சார்ந்த சிற்றூர்களை நோக்கிச் செல்லும் வழியில், மக்கள் தம்மை யாரெனக் கருதுகின்றனர் என்று ஈஸா (அலை) தம் சீடரை வினவுகிறார். இப்பகுதியை நம்மவருள் பலர் விவாத மேடைக்குரிய மேற்கோளாக மட்டுமே அறிந்துள்ளனர். இதை முழுப் பனுவலோடும் பொருத்திப் படித்துப் பார்ப்பதே நம் நோக்கம்.

வினா எழும் இடம் கவனத்திற்குரியது. ஹெர்மோன் மலையடிவாரத்தில், யோர்தான் ஆற்றின் ஊற்றுக்கண்களுள் ஒன்றை அடுத்து அமைந்தது அந்நகர். பான் என்னும் கிரேக்கத் தெய்வத்தின் குகைக்கோயில் அங்கிருந்தது; பானியாஸ் என்ற இன்றைய பெயரும் அதன் எச்சமே. மன்னன் ஏரோது அப்பகுதியில் அகஸ்டஸ் சீசருக்கு ஆலயம் எழுப்பினான். அவன் மகன் பிலிப்பு நகருக்குச் சீசரின் பெயரையே சூட்டினான். மனிதனைத் தெய்வமாக்கிய ஆட்சியின் நிழலில் இவ்வினா எழுவதைப் பற்றி மாற்கு ஒரு சொல்லும் கூறவில்லை. ஊர்ப்பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார்.

மக்களின் விடைகள் மூன்று: யஹ்யா (அலை), இல்யாஸ் (அலை), அல்லது இறைத்தூதர்களுள் ஒருவர். மத்தேயு இப்பட்டியலில் எரேமியாவையும் சேர்க்கிறார். மக்கள் அனைவரும் அவரை நபியாகவே கண்டனர் என்று நம் பேச்சாளர்கள் இவ்விடத்தில் நிறுத்திக்கொள்வது வழக்கம். ஆனால் மாற்கு இவ்விடைகளைப் போதாதவையாகவே நிறுத்துகிறார். அடுத்துப் பேதுரு, நீரே மஸீஹ் என்னும் கருத்துப்பட விடையளிக்கிறார். ஒரு பனுவலைச் சான்றாகக் கொள்வோர் அது செல்லும் திசையை மறைத்தல் முறையன்று.

மஸீஹ் என்ற சொல்லுக்கு எபிரேய மரபில் எண்ணெய் பூசி அமர்த்தப்பட்டவர் என்பது பொருள். அரசர்க்கும் குருமார்க்கும் அது வழங்கியது. எசாயா ஆகமத்தில் பாரசீக மன்னன் கோரேசும் அப்பெயர் பெறுகிறான். கி.மு. 63இல் பொம்பேயு ஜெரூசலத்தைக் கைப்பற்றிய பின் தோன்றிய சாலமோனின் சங்கீதங்கள் என்னும் தொகுதி, அந்நியரைத் துரத்தும் தாவீதின் வழித்தோன்றலை எதிர்நோக்குகிறது. 1947 முதல் கண்டெடுக்கப்பட்ட கும்ரான் சுருள்களிலோ குருமரபில் ஒருவர், அரசமரபில் ஒருவர் என இரு மஸீஹ்கள் பேசப்படுகின்றனர். ஆகவே பேதுரு அச்சொல்லை உரைத்ததனாலேயே அனைத்தும் தெளிந்துவிடவில்லை. அடுத்த சில வரிகளிலேயே, துன்புறும் மஸீஹை ஏற்க மறுத்ததற்காக அவர் கடுமையாகக் கடிந்துகொள்ளப்படுகிறார். சரியான சொல்லைச் சொன்னவரே அதன் பொருளைத் தவறவிட்டதாகக் காட்டுவதில்தான் மாற்குவின் ஆற்றல் வெளிப்படுகிறது. லூக்கா இக்கண்டனத்தையே விட்டுவிடுகிறார்.

இச்செய்தியை எவருக்கும் சொல்லலாகாது என்ற கட்டளையே பெரிதும் விவாதிக்கப்பட்டது. ஜெர்மானிய அறிஞர் வில்லியம் விரேட 1901இல் வெளியிட்ட நூலில், இம்மறைபொருள் வரலாற்று நிகழ்ச்சியன்று, பிற்காலத்து நம்பிக்கையை முற்காலத்தோடு இணைக்க எழுந்த உத்தியே என்றார். ஐரோப்பியத் திறனாய்வை எடுத்தாளும் மரபு நம்மிடையே அவருக்கும் முந்தியது. 1854இல் ஆக்ராவில் பாதிரியார் ஃபாண்டருடன் வாதிட்ட ரஹ்மத்துல்லாஹ் கைரானவி, தம் ‘இள்ஹாருல் ஹக்’ நூலில் அம்முறையைக் கையாண்டார். அவர் மூலநூல்களைத் தேடிப் பயின்றவர். அந்த உழைப்பின்றி, வாய்மூடக் கட்டளையிட்டதனால் ஈஸா (அலை) மஸீஹ் என்பதையே மறுத்தார் என முடிவுகட்டும் பேச்சுகளை இன்று கேட்கிறோம். இது மாற்குவின் நூலுக்கே முரணானது. அதன் பதினான்காம் அதிகாரத்தில், தலைமைக் குருவின் விசாரணையில், அதே வினாவுக்கு அவர் ஆம் என்றே விடையளிக்கிறார். மக்கள் திரண்டபோது மறைக்கப்பட்டது, கட்டுண்டு நிற்கும்போது வெளிப்படுகிறது. சிலுவை பற்றிய நம் நிலைப்பாடு வேறு. இங்கு நாம் பேசுவது மாற்கு எழுதியதைப் பற்றியே.

அன்றியும், அச்சொல்லை மறுக்க வேண்டிய தேவை நமக்கென்ன? திருக்குர்ஆன் பதினோர் இடங்களில் அவரை அல்-மஸீஹ் என்றே அழைக்கிறது. அதன் பொருளை விரித்துரைக்காது விட்டதனால் நம் அறிஞர் பல விளக்கங்கள் தந்தனர். ‘அல்-காமூஸ்’ ஆசிரியர் ஃபைரூஸாபாதி ஐம்பது கருத்துகளைத் திரட்டியதாகக் குறிப்பிடுகிறார். நமக்கும் கிறிஸ்தவர்க்கும் உள்ள வேறுபாடு இறைமை பற்றியதே. நம் வேதமே சூட்டிய பெயரை எதிர்த்து வாதிடுவோர் அந்த மெய்யான வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துரைக்கும் வாய்ப்பையே இழக்கின்றனர்.

மறுபக்கத்திலும் குறையுண்டு. பேதுருவின் விடையில் இறைமகன் என்ற தொடரைச் சேர்ப்பவர் மத்தேயு. மாற்குவில் அவ்விடத்தில் அது இல்லை. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, 325இல் நைசியாவில் வகுக்கப்பட்ட கொள்கையைப் பேதுருவின் வாயில் வைப்பது வரலாறாகாது. தாவீது மரபின் அரசனையும் அத்தொடரால் குறிப்பது எபிரேய வழக்கு. எனினும் அத்தொடர் மாற்குவுக்கு அந்நியமானதன்று. திருமுழுக்குக் காட்சியிலும், இறுதியில் உரோமப் படைத்தலைவன் கூற்றிலும் அது வருகிறது. நமக்கு உவப்பில்லாத இவ்விடங்களையும் சேர்த்துப் படிப்பதே நேர்மை.

நம் வாசகர்க்கு நெருக்கமான இடம் ஆறாம் அதிகாரத்தில் உள்ளது. நாசரேத்து மக்கள் அவரைத் தச்சரென்றும் மர்யமின் மகனென்றும் சுட்டுகின்றனர். தந்தை பெயரால் அழைக்கும் வழக்குள்ள சமூகத்தில் இது இகழ்ச்சிக் குறிப்பாகலாம் என்பர் உரையாளர் சிலர். மத்தேயு இதைத் தச்சரின் மகன் என மாற்றுகிறார். அதே தொடரைத் திருக்குர்ஆன் கண்ணியமிக்க அடைமொழியாக உயர்த்தியிருப்பதை எண்ணும்போது, இரு வேதங்களையும் அருகருகே வைத்துப் படிப்பதன் பயன் விளங்கும்.

மாற்குவின் நூலில் அவரை முதலில் அடையாளம் காண்பவை தீய ஆவிகள். உறவினரோ மதிமயங்கினார் என எண்ணுகின்றனர். பெயரை அறிதலும் நம்பிக்கை கொள்ளுதலும் ஒன்றல்ல என்பதை இதனினும் கூர்மையாகச் சொல்லுதல் அரிது. வேதம் அருளப்பெற்றோருடன் அழகிய முறையிலேயே வாதிடுமாறு திருமறை (29:46) நம்மைப் பணித்துள்ளது. அவர்தம் நூலை முழுதும் படித்தறிவது அவ்வழகின் முதற்படி என்றே நாம் கருதுகிறோம்.