உடையும் தோழமையும்: மலையக வரலாற்றில் இரு அந்நியர்

உடையாலும் நடையாலும் வேறுபட்ட இருவர் எதிர்பாராது நட்புக் கொள்வதைப் பொருளாகக் கொண்ட ஆக்கங்கள், உடையைத் தனிமனித விருப்பின் வெளிப்பாடாகவே பெரும்பாலும் கருதுகின்றன. உள்ளங்கள் ஒன்றுபட்டதும் வேற்றுமை அகன்றுவிடுவதாக அவை முடிவடைகின்றன. மலையகத் தோட்டங்களின் வரலாற்றை நோக்குமிடத்து, இம்முடிவு எத்துணை எளிமையானது என்பது புலனாகும்.

துரையின் தொப்பி, பெரிய கங்காணியின் கோட்டும் தலைப்பாகையும், தொழிலாளியின் கம்பளி, கொழுந்தெடுக்கும் பெண் இடுப்பிற் கட்டும் படங்கு ஆகிய யாவும் உற்பத்தி உறவுகள் வகுத்த சீருடைகளே எனலாம். தொழிலாளிக்கு வழங்கப்பட்ட கம்பளியின் விலைகூட அவன் சம்பளத்திலேயே கழிக்கப்பட்டது.

இவ்வொழுங்கை மீறிய இருவர் இங்கு மனங்கொளத்தக்கவர்கள். தஞ்சாவூர்ப் பிராமணரான கோ. நடேசய்யர், வெளியார் நுழையத் தடைசெய்யப்பட்ட தோட்டங்களுட் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு சென்று தொழிலாளர் நிலையை நேரிற் கண்டார். 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தோற்றுவித்தார். 1936இல் ஹற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அதே 1936இல் மடுல்கலைப் பகுதியின் ரெலுகாஸ் தோட்டத்துக்கு நிர்வாகம் பயில வந்த மார்க் அந்தோனி பிரேஸ்கேடில் என்ற வெள்ளை இளைஞர், தொழிலாளர் பக்கம் நின்றமையால் நீக்கப்பட்டு, லங்கா சமசமாஜக் கட்சியிற் சேர்ந்தார். முன்னவர் தோட்டத்தினுள் நுழைய ஒரு வேடம் புனைந்தார். பின்னவர் பிறப்பு வழங்கிய துரைத்தனத்தைக் களைந்தார்.

1937 ஏப்ரல் 3இல் நாவலப்பிட்டியில் பிரேஸ்கேடில் பேசியபோது, கூடியிருந்த தோட்டத் தொழிலாளர் ‘சாமி, சாமி’ என முழங்கியதாக அக்காலக் குறிப்பொன்று கூறுகின்றது. துரைத்தனத்தை ஒருவர் துறந்த பின்னரும், மேலோரை விளிக்கும் சொல்லே தோழனை விளிக்கவும் வேண்டியிருந்தது. நல்லெண்ணத்தின் எல்லையை இவ்விளி தெளிவாக உணர்த்துகின்றது. எனினும் அத்தோழமையை ஆட்சியாளர் அற்பமாகக் கருதவில்லை. தேசாதிபதி ஸ்ரப்ஸ் பிறப்பித்த நாடுகடத்தல் ஆணை ஏப்ரல் 22இல் அவரிடம் கையளிக்கப்பட்டது. மே மாதத்தில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. உடையின் படிநிலையைக் குலைக்கும் நட்பு, ஆதிக்கத்தின் அடித்தளத்தையே தொடுகின்றது என்பதை ஆட்சியாளர் நன்கு அறிந்திருந்தனர்.

ஆயினும் வேடம் புனையவும் களையவும் இயன்றவர்கள் இவ்விருவருமேயாவர். பிரேஸ்கேடில் அவ்வாண்டிலேயே இங்கிலாந்து திரும்பினார். நடேசய்யர் 1947இல் காலமானார். கம்பளி போர்த்தோருக்கு மாற்றுடையும் இல்லை, செல்ல வேறிடமும் இல்லை; 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது.

எனவே, இத்தகைய நட்பைச் சித்திரிக்கும் படைப்பாளி, இருவர் எவ்வாறு இணைந்தனர் என்பதுடன் நின்றுவிடலாகாது. அவர்களுள் உடையை மாற்றும் உரிமை யாருக்கு இருந்தது என்பதையும் அவர் ஆராய்தல் வேண்டும். அவ்வினாவை எழுப்பாத நட்புக்கதை, மனிதாபிமானத்தின் பெயரால் வர்க்க முரண்பாட்டை மறைக்கும் மற்றொரு போர்வையாகவே அமையும் என்பது நமது கருத்தாகும்.