இலவசக் கல்வி எந்த வகுப்போடு முடிகிறது?

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் வாரத்தில் யாழ்ப்பாணத்தில் ஒருவரை ஒருவர் கேட்பது, "பிள்ளைக்கு இசட் புள்ளி எவ்வளவு? மாவட்டத்தில எத்தினையாவது?" என்பதுதான். பிளஸ் டூ முடிவு வரும் வாரத்தில் மதுரையிலோ திருச்சியிலோ, "கட்-ஆஃப் எவ்வளவு வருது? அந்தக் காலேஜ்ல ஃபீஸ் எவ்வளவு கேக்குறாங்க?" என்பார்கள். இலங்கையில் பல்கலைக்கழகத்துக்குள் போய்விட்டால் கட்டணம் இல்லை. உள்ளே போவதுதான் பெரும்பாடு. இந்தியாவில் எங்காவது ஓர் இடம் கிடைத்துவிடும்; அதற்குப் பணம் கட்டுவதுதான் பெரும்பாடு. கல்விக்குப் போதிய நிதி ஒதுக்காத குறை ஒரு நாட்டில் இடப் பற்றாக்குறையாகவும் மற்ற நாட்டில் கட்டணமாகவும் குடும்பங்களின் தலையில் இறங்குகிறது. குறை ஒன்றுதான் என்பது என் வாதம்.

இலங்கை தொடங்கிய இடம் உயரமானது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான கல்விக்கான விசேட குழு 1943இல் அறிக்கை தந்தது. 1945 ஒக்டோபர் 1 முதல், சுதந்திரத்துக்கு இரண்டு ஆண்டுக்கும் மேலாக முன்னரே, பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமானது. நகரத்துக் கல்லூரிகளுக்கு ஈடாகக் கிராமப்புறங்களில் 54 மத்திய பாடசாலைகள் எழுந்தன. உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை 1960, 61இல் அரசு பொறுப்பேற்றது. 1980இல் இலவசப் பாடநூல் வந்தது, 1993இல் இலவசச் சீருடைத் துணி வந்தது. ஆனால் இந்தக் கதையைச் சொல்பவர்கள் தேயிலைத் தோட்டத்தை விட்டுவிடுகிறார்கள். 1945இன் சட்டம் நாட்டுக்கே பொது என்றாலும், தோட்டப் பள்ளிக்கூடங்கள் 1970கள் வரை தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. ஒரே ஆசிரியர், ஒரே அறை, ஐந்தாம் வகுப்போடு முடிவு. மலையகத்தின் இரண்டு தலைமுறைக்கு இலவசக் கல்வி காதில் விழுந்த செய்தி மட்டுமே.

இந்தியாவின் பாதை வேறு. பத்து ஆண்டுக்குள் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 45ஆம் பிரிவு 1950இல் வழிகாட்டியது. அது அடிப்படை உரிமையாக 2002இல் சாசனத் திருத்தம் தேவைப்பட்டது. அதற்கான சட்டம் 2010 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு அதுவரை காத்திருக்கவில்லை. கட்டணம் இல்லை என்று மட்டும் சொன்னால் பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்று அங்கே ஆண்டவர்களுக்கு முன்னமே தெரிந்திருந்தது. நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை மாநகராட்சி 1920இல் தொடங்கிப் பார்த்த மதிய உணவைக் காமராஜர் 1956இல் மாநிலத்துக்கு விரித்தார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் அதைச் சத்துணவுத் திட்டமாக்கினார். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு அடுத்த ஆண்டு ஆகஸ்டில் 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

இதை வெறும் அன்னதானமாகப் பார்ப்பவர்கள் முக்கியமான ஒன்றைக் கவனிப்பதில்லை. சத்துணவு மையத்துக்கு அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்று பணியிடங்கள் இருக்கின்றன. அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, ஊதியக் கோரிக்கை இருக்கிறது, சமையலறைக்கும் பொருள் வைப்பறைக்கும் கட்டடம் இருக்கிறது, முட்டைக்கு ஆண்டுதோறும் ஒப்பந்தம் போகிறது. ஒரு திட்டம் பட்ஜெட்டில் வேர்விட்டது என்பதற்கு இதுவே அடையாளம். ஆட்சி மாறும்போது முட்டையைக் கூட்டத்தான் முடிந்தது, அடுப்பை அணைக்க எவராலும் முடியவில்லை. இலங்கையிலும் பாடசாலை உணவு உண்டு. ஆனால் அது வெளிநாட்டு உதவி வரும்போது விரிந்து, போகும்போது சுருங்கியே வந்திருக்கிறது. பல இடங்களில் ஊர்ப் பெண்கள் கைக்காசு போட்டுச் சமைத்துவிட்டு, பணம் எப்போது வரும் என்று வலயப் பணிமனைக்கு நடக்கிறார்கள். சாப்பாட்டை நிரந்தரச் செலவாக எங்கள் திறைசேரி இன்னும் மனதார ஏற்கவில்லை.

2022 பொருளாதார நெருக்கடி எங்கள் திட்டமிடலின் பலவீனத்தை அப்பட்டமாகக் காட்டியது. அந்த மார்ச்சில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை நிறுத்திவைக்கப்பட்டது. வினாத்தாள் அச்சிடக் கடதாசி இல்லை. அடுத்த ஆண்டுப் பாடநூல்களில் ஒரு பெரும் பகுதி இந்தியக் கடனுதவியில் வந்த தாளில் அச்சானது. சீருடைத் துணியில் பெரும் பங்கைச் சீனா நன்கொடையாகத் தந்தது. பிள்ளைகளுக்குக் கிடைத்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் கன்னங்கராவின் வாக்குறுதியில் புத்தகத்தை ஓர் அயல்நாடும் துணியை இன்னொரு நாடும் காப்பாற்றிய ஆண்டுகள் அவை என்பதை மறக்கக்கூடாது.

பெரிய தொகைகளை விட்டுவிட்டு ஒரு பாடசாலையின் கணக்கைப் பார்ப்போம். வன்னியில் ஒரு 1சி பாடசாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1சி என்றால் உயர்தரத்தில் கலையும் வணிகமும் உண்டு, விஞ்ஞானமும் கணிதமும் இல்லை. நாட்டின் ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலைகள் பத்தில் ஒரு பங்கு அளவில்தான். அதிபரின் கையில் ஆண்டுக்கு வரும் பணத்தில் முக்கியமானது தர உள்ளீட்டு நிதி. மாணவர் தொகையையும் ஏற்கெனவே உள்ள வசதியையும் பார்த்து, இல்லாத பாடசாலைக்குக் கூடுதலாகக் கொடுப்பது அதன் கணக்கு. நல்ல கணக்கு, இந்தப் பிராந்தியத்திலேயே முன்னோடியான ஒன்று என்று சொல்லலாம். ஆனால் அதில் வெண்கட்டியும் ஏ4 தாளும் வரைபடமும் வாங்கலாம், இரசாயன ஆசிரியரை வாங்க முடியாது. ஆசிரியர் நியமனம் வேறு கையில் இருக்கிறது. அந்தப் பாடசாலையில் பத்தாம் ஆண்டில் விஞ்ஞானத்தில் கெட்டிக்காரியாக இருக்கும் பிள்ளைக்கு இரண்டு வழிதான்: வவுனியா நகரத்தில் உறவினர் வீட்டில் தங்கிப் படிப்பது, அல்லது கலைப் பிரிவு. அவளுடைய தேர்வை வீட்டுக்கு அருகே இருக்கும் பாடசாலையின் வகை பரீட்சைக்கு முன்பே முடித்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் இதற்கு இணையாக இருப்பது பள்ளி மானியம். ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் 31 முதல் 100 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய், 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். மின்கட்டணம், கழிப்பறைச் சுத்தம், உடைந்த குழாய், சாக்பீஸ் எல்லாம் இதற்குள். 100 பிள்ளைக்கும் 101 பிள்ளைக்கும் இடையில் தொகை இரட்டிப்பாவதைத் தலைமையாசிரியர்கள் நன்கு அறிவார்கள். ஒவ்வொரு தலையையும் எமிஸ் என்ற கல்வித் தகவல் இணையத்தளத்தில் ஏற்றுவது ஆசிரியரின் அன்றாட வேலைகளில் ஒன்றாகிவிட்டது. தரவு சேர்வது நல்லதுதான். ஆனால் பாடம் நடத்தும் நேரத்தை எடுத்துக்கொண்டு அதைச் சேர்ப்பதை நான் ஏற்க மாட்டேன்.

இந்தத் திட்டத்தில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு. கல்வி 1976 வரை மாநிலப் பட்டியலில் இருந்தது. 42ஆவது திருத்தம் அதைப் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனது. அதன் முழுப் பொருள் 2024இல் விளங்கியது. பிஎம் ஸ்ரீ என்ற மத்திய அரசுப் பள்ளித் திட்டத்தின் ஒப்பந்தத்தில் தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அதிலுள்ள மும்மொழிக் கொள்கையை ஏற்காத தமிழ்நாடு கையெழுத்திடவில்லை. அதனால் சமக்ர சிக்ஷாவில் 2024–25க்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாய் நின்றது. 2025 மே மாதம் மாநிலம் உச்ச நீதிமன்றம் போனது. 2025–26இல் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ஒதுக்கிய மாநிலத்துக்கு அது தாங்கக்கூடிய அடிதான். ஆனால் நின்றது பள்ளி மானியமும் ஒப்பந்தப் பணியாளர் சம்பளமும் கலந்த பணம். ஒரு மொழிக்கொள்கைத் தகராறில் குழாய் திருத்தும் காசைப் பிணையாகப் பிடித்தது எந்த நியாயத்திலும் சேராது.

எங்களிடம் அப்படிப் பகிரங்கமாக மோத ஒரு மாகாணமே இல்லை. 1987இன் 13ஆவது திருத்தம் பாடசாலைகளை மாகாணசபைகளிடம் கொடுத்தது, வருமானத்தைக் கொடுக்கவில்லை. நிதி ஆணைக்குழு பரிந்துரைக்கும் தொகை கொழும்பிலிருந்து வருகிறது, அதில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போய்விடுகிறது. 400க்கும் குறைவான தேசியப் பாடசாலைகள் நேரே மத்திய அமைச்சின் கீழ் நிற்கின்றன. ஆகவே ஒரு மாகாணப் பாடசாலை சற்றுத் தலையெடுத்ததும் பெற்றோர் கேட்பது, "எப்ப தேசியப் பாடசாலையாக்குவீங்கள்?" என்றுதான். பக்கத்துக் கிராமப் பாடசாலைக்குப் பணம் வரட்டும் என்று யாரும் ஊர்வலம் போவதில்லை. மக்களைக் குறை சொல்ல முடியாது. பணம் எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படிக்கு ஏறத்தான் எவரும் பார்ப்பார்கள்.

உயர்கல்விக்கு வருவோம். அண்மைய ஆண்டுகளில் இலங்கையில் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோர் 150,000ஐத் தாண்டுகிறார்கள். உள்ளே எடுக்கப்படுவோர் 45,000 அளவில். இடத்தைப் பெருக்காத அரசு, இருக்கும் இடத்தைப் பங்கிடுவதிலேயே அரை நூற்றாண்டைக் கழித்துவிட்டது. 1971இல் வந்த தரப்படுத்தலில் தமிழ்மொழி மூலப் பரீட்சார்த்திகள் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் கூடிய புள்ளி பெறவேண்டியிருந்தது. அந்தக் காயம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை. பின்னர் மாவட்ட முறை வந்தது. இன்று திறமைக்கு 40 சதவீதம், மாவட்டத்துக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5. மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் நுவரெலியாவுக்கும் மாவட்ட முறை செய்த நன்மையை மறுக்க மாட்டேன். அது இல்லாவிட்டால் அங்கிருந்து மருத்துவர்களே வந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் 1970களில் புதிய மருத்துவ பீடங்களுக்கும் பொறியியல் பீடங்களுக்கும் துணிந்து பணம் போட்டிருந்தால், அந்தப் பங்கீட்டுச் சண்டை அத்தனை கூர்மை அடைந்திருக்காது என்றே நம்புகிறேன்.

தமிழ்நாடு இடத்தைப் பெருக்கியது. ஆனால் தன் பணத்தில் அல்ல. 1984ஐ ஒட்டிச் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது. இன்று 400க்கு மேல் இருக்கின்றன. மாநிலத்தின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021–22இல் 47 சதவீதம். இந்திய அளவோ 28.4. இந்த எண்ணைப் பார்த்து ஓர் இலங்கையர் பெருமூச்சு விடத்தான் செய்வார். அதற்குள் இருக்கும் கடனையும் அவர் பார்க்க வேண்டும். சுயநிதிக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே 2017இல் நிர்ணயித்த கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாய். விடுதி, பேருந்து, புத்தகம் தனி. அரசு இதைத் தணிக்கத்தான் முயல்கிறது: முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை, அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு, மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண். நல்ல திட்டங்கள். ஆனால் அதே அரசின் பல்கலைக்கழகங்கள் வாடுகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை முடக்கியபோது, மாநில நிதி அதன் வருவாயில் பாதிகூட இல்லை என்பதே வரி கேட்பதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. 1857இல் தொடங்கிய ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தைப் பற்றி அப்படி வாதிட முடிந்ததே பெரிய வேதனை. அரசுக் கலைக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் வகுப்பெடுக்கிறார்கள்.

இரு நாட்டுக்கும் பொதுவான ஓர் எண் உண்டு: ஆறு. தேசிய வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்கு வேண்டும் என்று கோத்தாரி ஆணையம் 1966இல் சொன்னது. 2020இன் கொள்கை அதையே மறுபடி சொன்னது. இடையில் ஒருமுறைகூட இந்தியா அதைத் தொடவில்லை. இலங்கையில் 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் அதே 6 சதவீதத்துக்காக மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2024இல் ஆட்சிக்கு வந்தவர்களின் விஞ்ஞாபனத்திலும் அது இருந்தது. உண்மையில் நாங்கள் செலவிடுவது 2 சதவீதத்தைச் சுற்றியே. மிச்சத்தைப் பெற்றோர் கட்டுகிறார்கள்: இங்கே உயர்தர இரசாயன வகுப்புக்கு, அங்கே நீட் பயிற்சிக்கு. அதற்கும் மேல் பழைய மாணவர்கள் கட்டுகிறார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சங்கம் வைத்திருக்கும் யாழ்ப்பாணக் கல்லூரிக்கு ஆய்வுகூடம் வருகிறது. வெளிநாட்டில் யாரும் இல்லாத தோட்டப் பாடசாலைக்கு எதுவும் வருவதில்லை. தமிழ்நாடு அரசே 2022இல் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' என்று நன்கொடை திரட்டத் தொடங்கியது. கொடுப்பவர் மனம் பெரிதுதான்; ஆனால் எந்தப் பள்ளிக்கு என்பதை அவர் தீர்மானிக்கும் அளவுக்கு அரசின் திட்டமிடும் கடமை குறைந்துபோகிறது.

ஒவ்வொரு வரவுசெலவுத்திட்டத்தின்போதும் நாம் மொத்தத் தொகையைப் பற்றியே பேசுகிறோம். கேட்கவேண்டியது அதைவிடச் சிறிய பட்டியல்: இந்த வலயத்தில் எத்தனை விஞ்ஞான, கணித ஆசிரியர் இடங்கள் வெற்றிடமாக உள்ளன, எந்தப் பாடசாலையில், எத்தனை ஆண்டாக? இந்தப் பள்ளிக்கு மானியம் எந்த மாதம் வந்தது? இந்தக் கேள்விகளுக்கு அமைச்சர் வேண்டாம். இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், இந்தியாவில் 2005இன் சட்டம், இரண்டுமே எந்தக் குடிமகனும் கேட்க இடம் தருகின்றன. ஒரு பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ பள்ளி மேலாண்மைக் குழுவோ அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு, உறுப்பினர் ஒருவர் பெயரில் வலயக் கல்விப் பணிமனைக்கோ மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கோ விண்ணப்பத்தை அனுப்பலாம்.