நிலக்கரி தீர்ந்த ஊரின் நடனம்: நெய்வேலியில் பார்க்க வேண்டிய ஜப்பானியப் படம்

‘ஹுலா கேர்ள்ஸ்’ 2006-இல் வெளிவந்த ஜப்பானியத் திரைப்படம். லீ சாங்-இல் இயக்கியது. ஜப்பான் அகாதமியின் சிறந்த படத்துக்கான விருதைப் பெற்றது. கதை 1965-இல், ஃபுக்குஷிமா மாகாணத்து இவாக்கியில் நடக்கிறது. பெட்ரோலிய எண்ணெயின் வரவால் நிலக்கரிக்கு மதிப்புக் குறைய, ஜோபான் சுரங்க நிறுவனம் ஆட்குறைப்பு செய்கிறது. சுரங்கத்தில் ஊறும் வெந்நீரைக் கொண்டு ஹவாய் பாணியில் ஓர் உல்லாச மையம் கட்டி, அதில் ஹுலா நடனமாடத் தொழிலாளர் வீட்டுப் பெண்களையே அழைக்கிறது. இது உண்மையில் நடந்தது. அந்த மையம் 1966 ஜனவரியில் திறக்கப்பட்டது.

நெய்வேலிக்காரர் கண்ணில் முதலில் படுவது அந்த வெந்நீர்தான். இங்கும் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். ஜோபான்காரர்கள் அந்தத் தொல்லையையே பிழைப்பாக்கிக்கொண்டார்கள்.

மியாசாகியின் ‘லாப்புட்டா’ (1986) அசைவூட்டப் படமும் சுரங்க ஊரில்தான் தொடங்குகிறது. வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளரின் போராட்டம் அவரைப் பாதித்திருந்தது. வறண்டுபோன சுரங்கமும் மலைச்சரிவில் தொங்கும் வீடுகளும் அழகாக வரையப்பட்டிருக்கின்றன. ஆனால் பாசு என்ற சிறுவன் வானத்துக் கோட்டையைத் தேடிப் பறந்ததும் படம் ஊரை மறந்துவிடுகிறது. ‘ஹுலா கேர்ள்ஸ்’ ஊரை விட்டு நகரவில்லை.

அதன் உயிர் நடனத்தில் இல்லை, கிமிகோவின் தாய் சியோவிடம் இருக்கிறது. சுரங்க வேலையே மானமுள்ள வேலை என்று வாழ்ந்தவள், மகள் ஆடப் போவதைப் பொறுக்க மாட்டாள். ஒருநாள் மகள் தனியே பயிற்சி செய்வதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்புகிறாள். பிறகு, குளிரில் வாடும் தென்னை இனமரங்களைக் காப்பாற்ற, வீடு வீடாகப் போய்க் கணப்படுப்புகளைக் கேட்டு வாங்கிக் கைவண்டியில் இழுத்து வருகிறாள். மகளின் பயிற்சியைப் பார்க்கும் அந்த இடத்தில் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. இந்த அடக்கம் படம் முழுக்க இருந்திருக்கலாம். தந்தை சுரங்கத்தில் விபத்துக்குள்ளான செய்தி வந்தபின்னும் ஒரு பெண் மேடையேறும் இடத்தில் கண்ணீருக்கு ரொம்பவே அவசரப்படுகிறார் இயக்குநர்.

இன்னொரு குறை நெய்வேலியிலிருந்து பார்த்தால்தான் தெரியும். ஜோபான் நிலத்தடிச் சுரங்கம். நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம். இங்கே தொழிலாளருக்கு முன்பே வயலையும் வீட்டையும் கொடுத்துவிட்டு நிரந்தர வேலை கேட்டு நிற்கும் குடும்பங்கள் உண்டு. அப்படிப்பட்டவர்கள் படத்தில் இல்லை. 1962-இல் மின்னுற்பத்தியைத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020-இல் மூடப்பட்டபின், நிலக்கரிக்கு அடுத்து என்ன என்ற கேள்வி இங்கே அவர்களையும் சேர்த்ததுதான்.

முதலில் நடனத்துக்குப் பெயர் கொடுத்த தோழி சனாயே, வேலையிழந்த தந்தையோடு ஹொக்கைதோவின் யூபாரி சுரங்கத்துக்குப் போகிறாள். படம் அவளைப் பின்தொடரவில்லை. யூபாரியின் கடைசிச் சுரங்கம் 1990-இல் மூடப்பட்டது. அதன்பின் அந்நகராட்சி கடனில் மூழ்கித் திவாலானது.